புங்கனள்ளிக்கு ஒரு ஃபிட்டர்

சோபனா ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது வீடுகளுக்குள் நுழைவாள். விருந்தாளியாக அல்ல, கொசுப்புழு பார்க்க. புங்கனள்ளி பேரூராட்சியில் டெங்கு ஒழிப்புக்கென்று தினக்கூலிக்கு வைத்திருந்த எட்டுப் பெண்களில் அவளும் ஒருத்தி. சாம்பல் நிறக் கோட்டு, கையில் டார்ச் லைட், தோள்பையில் மருந்து பாட்டில், ஒரு நீள நோட்டு. வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய் டிரம், சிமெண்டுத் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர் என்று ஒவ்வொன்றாக லைட் அடித்துப் பார்ப்பாள். புழு நெளிந்தால் மருந்து ஊற்றுவாள். எந்த வீடு, எதில் புழு என்று நோட்டில் எழுதுவாள். சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பாள்.

ஆறு வருடமாக இந்த வேலை. அதற்கு முன்னால் தக்காளிக்குத் தரம் பிரித்தாள், ஓசூர்ப் பக்கம் ஒரு துணிக் கம்பெனிக்கு வேனில் போய் வந்தாள், நூறு நாள் வேலைக்கும் போனாள். ஊரில் அவளைத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் அவள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள் என்பது அவள் வீட்டைத் தவிர வேறு ஒரு வீட்டுக்கும் தெரியாது.

தருமபுரியில் அவள் ஐ.டி.ஐ. சேர்ந்த வருடம் அந்தப் பிரிவில் இருபத்தொரு பேர். பெண்கள் இரண்டே பேர். அரம் பிடித்துத் தேய்த்ததில் முதல் மாதம் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். இரண்டாம் வருடம் இரும்புக் குழாயில் அவள் வெட்டிய திருகுமரையை வாத்தியார் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். படிப்பு முடிந்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். பதினெட்டு வயது. அடுத்த வருடமே வேலை வந்துவிடும் என்று காத்திருந்தாள். வந்தது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பச்சியப்பன் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவன். முதுகில் இரண்டு தக்காளிப் பெட்டியோடு லாரிப் பலகையில் ஏறும்போதும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டே ஏறுவான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோபனா பதிவைப் புதுப்பிக்கப் போவதையும் அவன் விட்டுவைக்கவில்லை. "மூணு வருசத்துக்கு ஒருக்கா மொட்டை போடறாப்புல போயிட்டு வர்றா. சாமி எப்ப கண்ணத் தொறக்குதோ" என்பான். சொல்வானே தவிர, புதுப்பிக்கும் மாதம் வந்தால் முதலில் ஞாபகப்படுத்துவதும் அவன்தான். அப்படி ஆறு முறை புதுப்பித்தாயிற்று. அவளுக்கு இப்போது முப்பத்தாறு முடிந்து ஏழு மாதம். இன்னும் ஐந்து மாதம் போனால் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அதற்கப்புறம் பதிவு இருந்தென்ன, இல்லாமலென்ன.

புங்கனள்ளியில் தண்ணீர் விநியோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஃபிட்டர் மாரடைப்பில் போய் இரண்டரை வருடம் ஆகியிருந்தது. எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எதை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் தலையில்தான் இருந்தது. தலையோடு அதுவும் போய்விட்டது. மோட்டார் போடுகிறவர்களை வைத்தே ஒப்பேற்றினார்கள். எட்டு மாதத்துக்கு முன் செயல் அலுவலராக வந்த எழிலரசி, வந்த முதல் வாரமே அந்தக் காலிப் பணியிடத்தை நிரப்ப அனுமதி கேட்டு எழுதினார். எழுதி எழுதி, கடைசியில் அனுமதி வந்தது. ஒரே ஒரு ஃபிட்டர். நிரந்தரப் பணி. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து பதிவு மூப்புப்படி ஐந்து பேர் பட்டியலும் வந்தது. ஐந்து பேருக்கும் நேர்காணல் கடிதம் தபாலில் போயிற்று. டீக்கடையில் மட்டும், ஆள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். யார் என்று கேட்டால் யாருக்கும் பெயர் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, காலை வேலைக் கணக்கை ஒப்படைக்க சோபனாவும் அவளோடு புழு பார்க்கும் அமுதவல்லியும் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். இளநிலை உதவியாளர் அன்பு, திரும்பி வந்த தபால் ஒன்றைக் கோப்பில் சேர்க்கப் பசை தடவிக்கொண்டிருந்தான். கவரின் மேல் சிவப்பு மையில் 'கதவு பூட்டியுள்ளது' என்று எழுதியிருந்தது. அமுதவல்லிக்கு எதையும் தலைகீழாகவே படித்துவிடும் பழக்கம்.

"ஏ சோபனா, உங்கப்பாரு பேரு முனுசாமிதான?"

"ஆமா. எதுக்கு?"

"ஏரியூருதான உங்கூரு? இதுல உம் பேரு கெடக்குது பாரு."

சோபனா கவரைப் பார்த்தாள். மு. சோபனா, தந்தை பெயர் முனுசாமி, ஏரியூரை ஒட்டிய அவள் பிறந்த ஊர், கதவு எண் எல்லாம் அவளுடையதே. பதினெட்டு வருடத்துக்கு முன் கொடுத்த முகவரி. அப்பா இறந்து, அண்ணன் ஓசூருக்குக் குடி போய், அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. முகவரியை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நினைத்து, ஒவ்வொரு முறையும் விட்டிருந்தாள்.

அன்பு நிமிர்ந்து பார்த்தான். "யக்கா, ஃபிட்டர் சோபனா நீங்களா? தெனமும் இங்க வந்து கையெழுத்துப் போடறீங்க, நான் உங்களுக்கு ஏரியூருக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பிக்கிட்டிருக்கேன்."

"நேர்காணல் எப்ப தம்பி?"

"நாளைக்குங்கக்கா. காலையில பத்து மணிக்கு."

சோபனாவுக்குக் காது இரண்டும் சூடேறியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் செயல் அலுவலரின் அறைக் கதவைத் தட்டினாள். எழிலரசி கவரை வாங்கிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கவரைப் பார்த்தார்.

"தபால் சேரலைன்னா அது உங்க தப்பு இல்ல. லிஸ்ட்ல பேர் இருக்கு, தாராளமா வரலாம். ஆனா ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கையில இருக்கணும் சோபனா. ஜெராக்ஸ் வெச்சுக்கிட்டு நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கொண்டாந்துடறேன் மேடம்."

வெளியே வந்த பிறகுதான் ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்பது உறைத்தது. அந்தப் பூட்டிய வீட்டில்தான், அப்பாவின் இரும்புப் பெட்டிக்குள்.

பச்சியப்பனுக்குப் போன் போட்டாள். மண்டி இரைச்சலில் அவனுக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் 'ஃபிட்டர்' என்ற சொல் கேட்டதும் அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "அங்கயே நில்லு, வண்டி எடுத்துட்டு வரேன்" என்றான். முக்கால் மணி நேரத்தில் தோளில் தக்காளிச் சாறு காயாத சட்டையோடு வந்து நின்றான்.

தருமபுரி போய், பென்னாகரம் தாண்டி, ஏரியூர்ப் பாதையில் வண்டி பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சோபனா வழியெல்லாம் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். கேட் வால்வு, ஸ்லூஸ் வால்வு, காற்று வால்வு. அரை அங்குலக் குழாய்க்கு எத்தனை மரை. பதினெட்டு வருடத்தில் எது நின்றது, எது போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி அவன் தண்ணீர் குடித்தபோது கேட்டாள்: "எல்லாம் மறந்துபோச்சுன்னா என்னா பண்றது?"

"மறந்தா மறக்குது. பட்டியல்ல பேரு வந்துச்சில்ல. ஊரே பாக்கட்டும், எம் பொண்டாட்டி ஃபிட்டருன்னு."

பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம் சாவி இருந்தது. பூட்டுத்தான் திறக்கவில்லை, துருவேறி இறுகியிருந்தது. பச்சியப்பன் கல்லை எடுத்தான். "இருங்க" என்று சோபனா தடுத்தாள். சின்னம்மாளிடம் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கிச் சாவித் துவாரத்தில் விட்டு, பூட்டின் அடியில் லேசாக நாலு தட்டுத் தட்டி, கொஞ்ச நேரம் பொறுத்துச் சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று திறந்துகொண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் அப்பா பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த சான்றிதழ்கள் கரையான் படாமல் இருந்தன. பொழுது சாயுமுன் புங்கனள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே அலுவலக வராந்தாவில் ஐந்து பேரும் கூடிவிட்டார்கள். நாலு ஆண்கள், சோபனா ஒருத்தி. மாரண்டஹள்ளியிலிருந்து வந்த மாதப்பன்தான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முப்பது வயது இருக்கும். ஒரு தனியார் கம்பெனியில் குழாய் வேலை பார்க்கிறானாம். "ஆளு முடிவாயிடுச்சுன்னு டீக்கடையில சொல்றாங்கக்கா. அது நீங்கதானாமே? இந்த ஆபீஸ்லயே வேலை பாக்கறீங்களாம்" என்றான். சோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் நேத்துப் பதினோரு மணி வரைக்கும் பட்டியல்ல இருக்கறதே தெரியாம புழு பாத்துக்கிட்டிருந்தவ தம்பி" என்றாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் எழிலரசி. ஒரு பக்கம் வெளியூரிலிருந்து வந்த பொறியாளர்; இன்னொரு பக்கம் ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவர். முதல் இரண்டு கேள்விகளுக்கு சோபனாவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. குளோரின் அளவைத் தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னாள். வால்வில் தண்ணீர் கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று பயிற்றுநர் கேட்டபோதுதான் கை தானாக மேலெழுந்தது. வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் கிளாண்டை இப்படித் தளர்த்தி, பழைய கயிற்றை எடுத்துவிட்டு, புதுக் கயிற்றைக் கிரீஸில் தோய்த்து, என்று காற்றிலேயே செய்து காட்டினாள். அதற்கப்புறம் வாயும் திறந்துகொண்டது.

கடைசியாகப் பொறியாளர் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவளிடமும் கேட்டார். "ஏழாவது வார்டு, மாரியம்மன் கோயில் தெரு. ரெண்டு வருஷமா பாதித் தெருவுக்குத் தண்ணி ஏறல. நீங்க ஃபிட்டரா இருந்தா மொதல்ல எதைப் பார்ப்பீங்க?"

அவளுக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர் மோட்டாரின் குதிரைசக்தியைக் கூட்ட வேண்டும் என்றார். இன்னொருவர், தெரு மேடு, அதனால் குழாயை மாற்ற வேண்டும் என்றார். மாதப்பன் அடைப்பு இருக்கும் என்றான். எதுவும் தவறான பதில் இல்லை. சோபனா விரலால் மேசையில் அந்தத் தெருவை ஒருமுறை வரைந்து பார்த்தாள். பிறகு, "என் நோட்டை எடுத்துக்கிட்டு வரலாங்களா சார்?" என்று கேட்டாள்.

"என்ன நோட்டு?"

"கொசுப்புழு நோட்டுங்க."

பொறியாளர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. எழிலரசி சிரிக்கவில்லை. "எடுத்துட்டு வாங்க" என்றார்.

அலமாரியிலிருந்து மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். "அந்தத் தெருவுல முப்பத்தாறு வீடுங்க. மொத பதினோரு வீட்டுல டிரம்மே கெடையாது. குடத்துலதான் தண்ணி புடிப்பாங்க. பன்னெண்டாவது வீட்டுலேருந்து வீட்டுக்கு மூணு டிரம், நாலு டிரம். தண்ணி எப்ப வருமோன்னு பத்து நாளைக்குப் புடிச்சு வெக்கறாங்க, அதுலதான் புழு வைக்குது. ஆனா இந்தப் பழைய நோட்டைப் பாருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தை மாசம் வரைக்கும் அந்தப் பக்கமும் டிரம் இல்ல. பங்குனியிலேருந்துதான் டிரம் டிரம்மா எழுதியிருக்கேன். தெரு அன்னிக்கும் அதே மேடுதானுங்களே சார்."

பொறியாளர் சிரிப்பை விட்டுவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"நடுவுல மாசியிலதாங்க அந்தத் தெருவுக்குச் சிமெண்டுக் கல்லு பதிச்சாங்க. அதுக்கு முன்னாடி பன்னெண்டாவது வீட்டுத் திருப்பத்துல ஒரு சிமெண்டு மூடி இருந்துச்சு. மழைத் தண்ணி நின்னா புழு வைக்குமேன்னு அதையும் நான் மாசாமாசம் தூக்கிப் பாப்பேன். உள்ள ஒரு வால்வு. கல்லு பதிச்சதுக்கப்புறம் அந்த மூடியைக் காணோம். வேலைக்காக வால்வை அடைச்சிருப்பாங்க, தொறக்காம மேல கல்லைப் பதிச்சிட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"என்கிட்ட இருக்கற வரைபடத்துல அங்க வால்வு இல்லையேம்மா."

"படத்துல இல்லைங்க. நான் பாத்திருக்கேன்."

"ரெண்டு வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று எழிலரசி கேட்டார்.

சோபனா தலை குனிந்தாள். "இப்ப நீங்க கேக்கறப்பதான் மேடம் ரெண்டையும் சேத்துப் பாத்தேன். அதுவரைக்கும் டிரம் வேற, மூடி வேறன்னுதான் இருந்தேன். எங்ககிட்டப் புழுவைப் பத்திதான் கேப்பாங்க, தண்ணியைப் பத்தி யாரும் கேட்டதில்ல."

பொறியாளர் நோட்டிலிருந்த தேதிகளைத் தன் தாளில் குறித்துக்கொண்டார்.

பிற்பகலில் மேல்நிலைத் தொட்டி வளாகத்தில் செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு இரும்புக் குழாய், ஒரு மரை வெட்டும் கருவி, ஒரு இணைப்பு. மரை வெட்டிப் பொருத்தி, தண்ணீர் விட்டுக் காட்ட வேண்டும். சுற்றுச்சுவர் முழுக்க ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கொசுப்புழுக்காரி ஃபிட்டர் வேலைக்கு நிற்கிறாள் என்ற செய்தி அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மண்டிக்கு லீவு போட்ட பச்சியப்பன் வேப்பமரத்தடியில் நிற்க முடியாமல் அங்குமிங்கும் நடந்தான்.

சோபனா கருவியைப் பிடித்தாள். முதல் கால் சுற்று முரண்டு பிடித்தது. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போனாள். இரும்புச் சுருள் சுருண்டு காலடியில் விழ விழ, உள்ளங்கைக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. மாதப்பன்தான் முதலில் முடித்தான். சோபனா மூன்றாவது. தண்ணீரைத் திறந்துவிட்டபோது மாதப்பனின் இணைப்பில் ஒரு சொட்டு கோத்து நின்றது. சோபனாவின் இணைப்பைப் பயிற்றுநர் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி காய்ந்தே இருந்தது.

தேர்வு முடிந்ததும் கூட்டம், "ஏழாவது வார்டுக்குப் போலாம், தோண்டிப் பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டது. எழிலரசி அசையவில்லை. மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, கூட்டிச் சரிபார்த்து, கவரில் வைத்து அரக்கு முத்திரை வைக்கும் வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கவரை இரும்பு அலமாரியில் பூட்டிய பிறகு வெளியே வந்து ஐந்து பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்ப நாம தோண்டப் போறது தேர்வு இல்ல. வால்வு கிடைச்சாலும் யாருக்கும் மார்க் ஏறாது. கிடைக்கலைன்னாலும் குறையாது. மார்க் போட்டு முடிச்சாச்சு."

ஊர் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஊருக்கு அதுதான் தேர்வு.

நாலரை மணிக்கு மாரியம்மன் கோயில் தெருவில் நிற்க இடமில்லை. பன்னிரண்டாவது வீடு செல்லியம்மாளுடையது. தண்ணீருக்காகப் பேரூராட்சியில் அவள் போடாத சண்டையில்லை. இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள். சோபனா காட்டிய இடத்தில் இரண்டு பேர் கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தார்கள். ஒரு அடி, ஒன்றரை அடி. மண்தான் வந்தது. இரண்டடி தோண்டியும் மண்தான். சுற்றி நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பொறியாளர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நல்லா ரோசிச்சுப் பாரு சோபனா, அவசரப்படாத" என்றாள் செல்லியம்மாள். அவளிடமிருந்து அப்படியொரு பொறுமையான வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

சோபனா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். மூடியைத் தூக்கிப் பார்த்த பிறகு என்ன செய்வாள்? குனிந்த வாக்கிலேயே கையை நீட்டிச் செல்லியம்மாள் வீட்டுச் சுவரில் தேதி போடுவாள். ஒரு அடிகூட எடுத்து வைத்ததில்லை. அப்படியானால் மூடி சுவரை ஒட்டி இருந்திருக்க வேண்டும். ஆனால் சுவர்? "ஆயா, இந்தச் சுவரைத் தள்ளிக் கட்டுனீங்க இல்ல?"

"ஆமா. போன வருசம்தான் நாலடி உள்ள தள்ளிக் கட்டுனோம், வண்டி நிறுத்த. பழைய சுவரு தோ, இங்க இருந்துச்சு."

சோபனா பழைய சுவர் இருந்த இடத்தை ஒட்டிப் போய் நின்றாள். "இங்க போடுங்க."

மூன்றாவது குத்தில் கடப்பாரை 'டணார்' என்றது. மண்ணைக் கையால் வழித்தபோது சிமெண்டு மூடியின் விளிம்பு தெரிந்தது. மூடியைப் பெயர்த்தால் உள்ளே கழுத்து வரை மண். சோபனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, டப்பாவால் மண்ணை அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள். வால்வின் தலை வெளியே வந்தது. சாவிக் கம்பியை மாட்டித் திருப்பினாள், நகரவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடி முயன்றாள். குழிக்கு எதிர்ப்பக்கம் யாரோ இறங்கும் சத்தம். மாதப்பன்.

"புடிங்கக்கா. நீங்க இழுங்க, நான் தள்ளறேன்."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து ஒருசேரத் திருப்பினார்கள். முனகிக்கொண்டு கால் சுற்று நகர்ந்தது. அப்புறம் அரை. அப்புறம் ஒன்று. சுற்றிநின்றவர்கள் சுற்றுகளை உரக்க எண்ண ஆரம்பித்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. பன்னிரண்டாவது சுற்றில் வால்வு முழுதும் திறந்து நின்றது. பொறியாளர் குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "முக்கால்வாசி அடைச்சு வெச்சிருந்திருக்காங்க" என்றார். எழிலரசி போனில் மோட்டார் போடச் சொன்னார்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு செல்லியம்மாள் வீட்டுக் குழாய் இருமியது. காற்று சீறியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கியது. அதற்கப்புறம் வாளியின் அடியை உடைத்துவிடுவதுபோலத் தண்ணீர் வந்து விழுந்தது. தெருமேட்டிலிருந்து, "இங்கயும் வருது, இங்கயும் வருது" என்ற குரல்கள் ஒவ்வொரு வீடாகக் கடைசி வீடு வரை ஏறிப் போயின. செல்லியம்மாள் ஒரு செம்பு தண்ணீரைப் பிடித்துக் குழிக்குள் இருந்த சோபனாவின் கையில் ஊற்றினாள். "கழுவு. சேறாக் கெடக்குது" என்றாள். பச்சியப்பன் கூட்டத்தில் அறிமுகமில்லாத ஆட்களிடமெல்லாம், "எங்கூட்டுப் பொம்பளதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு சோபனா தூங்கவே இல்லை. மறுநாள் பத்து மணிக்கு முத்திரையை உடைத்து, மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அமுதவல்லிதான் முட்டி மோதி முன்னால் போய்ப் படித்தாள். இந்த முறை நேராகவே படித்தாள். சோபனா எண்பத்தொன்று. மாதப்பன் எழுபத்தொன்பது. அமுதவல்லி கத்திய சத்தத்தில் வராந்தாப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. மாதப்பன் பட்டியலை இரண்டு முறை பார்த்தான். "அந்த ஒரு சொட்டுதாங்கக்கா என்னைக் கவுத்துடுச்சு" என்றான். முகம் வாடித்தான் இருந்தது. அவள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். பக்கத்துப் பேரூராட்சியிலும் ஒரு இடம் காலியாக இருப்பதாக அன்பு சொன்ன தகவலையும் சொன்னாள்.

உடனே ஆணை கைக்கு வந்துவிடவில்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவருக்குச் சலுகை காட்டிவிட்டார்கள் என்று பெயரில்லாத ஒரு மனு மேலே போயிற்று. விளக்கம் கேட்டார்கள். அந்த மூன்று வாரம் சோபனா கோட்டை மாட்டிக்கொண்டு வழக்கம்போலப் புழு பார்க்கப் போனாள். போன் மணி அடித்தால் டார்ச்சைக்கூட அணைக்காமல் எடுத்தாள். தபால் திரும்பி வந்த கவர், தனித்தனி மதிப்பெண் தாள்கள், முத்திரை வைத்த நேரம் முதற்கொண்டு எல்லாவற்றையும் இணைத்து எழிலரசி நான்கு பக்கப் பதில் அனுப்பினார். மனு தள்ளுபடியானது. தருமபுரி அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று வாங்கி, காவல்துறைச் சரிபார்ப்பும் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை நியமன ஆணை தட்டச்சாகி வந்தது. சோபனா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "நல்லாப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் எழிலரசி. 'குழாய்ப் பொருத்துநர்' என்ற வார்த்தையை மட்டும் அவள் நாலு முறை படித்தாள்.

பணியில் சேர்ந்த காலை, அன்பு புத்தம்புதிய பணிப் பதிவேட்டைத் திறந்து, முதல் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தான். பெயர், பிறந்த தேதி, கல்வித்தகுதி எல்லாம் எழுதியாயிற்று.

"அங்க அடையாளம் ரெண்டு சொல்லுங்கக்கா. மச்சம், தழும்பு, ஏதாச்சும்."

"கழுத்துல எடது பக்கம் ஒரு மச்சம்."

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர்ப் புகாருக்கென்று அன்றுதான் அவளிடம் கொடுத்திருந்த போன் அடித்தது. முதல் அழைப்பு. சோபனா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பேரூராட்சி ஃபிட்டர் பேசறேங்க. சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு ஆள் படபடவென்று பேசினான். நாலாவது வார்டில் சாக்கடை தோண்ட வந்த ஜே.சி.பி. மெயின் குழாயை உடைத்துவிட்டது. தண்ணீர் வீட்டுக் கூரை உயரத்துக்குப் பீச்சியடிக்கிறது.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. யாரும் கிட்டப் போவாதீங்க. நான் வால்வை அடைச்சிட்டு அஞ்சு நிமிசத்துல அங்க இருப்பேன்."

சாவிக் கம்பியையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். ஃபிட்டருக்கென்று கொடுத்திருந்த பேரூராட்சி வண்டியை உதைத்துக் கிளப்பும்போது ஜன்னலில் அன்புவின் தலை தெரிந்தது.

"யக்கா, ரெண்டாவது அடையாளம் சொல்லிட்டுப் போங்க, பக்கம் பாதியில நிக்குது."

"வலது முழங்கையில தழும்பு, எழுதிக்க தம்பி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நாலாவது வார்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.